ரோமுக்குப் போகாத பஸ்

கப்பல் வேலைக்குப் போகலாம் என்ற யோசனை எனக்கு ஒரகடம் ஜங்ஷனில், கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. முன்னால் கார் ஏற்றும் லாரி ஒன்று திரும்ப முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. மேல்தட்டில் இடது பக்கம் ஸ்டியரிங் வைத்த கார்கள், எல்லாம் ஏற்றுமதிக்கு. அந்தக் கார்களுக்குத்தான் நான் லைனில் கதவு மாட்டிக்கொண்டிருந்தேன். நான் மாட்டிய கதவு ஐரோப்பாவுக்குப் போகிறது, பி.இ. படித்த நான் சுங்குவார்சத்திரத்தைத் தாண்டவில்லை! சுருக்கென்றது. பஸ்ஸிலேயே போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டேன். ஏசி கோர்ஸ், மெடிக்கல், ஏஜென்ட் ஆபீஸ் என்று அலைந்து, மத்தியதரைக் கடலைச் சுற்றும் ஒரு சொகுசுக் கப்பலில் ஏசி பிரிவில் சேர்ந்தேன்.

அம்மாவுக்குக் கப்பல் என்றாலே பிடிக்கவில்லை. அது ரோமுக்குப் பக்கத்தில் நிற்கும் என்று தெரிந்ததும் பிடித்துவிட்டது. "பாப்பரசர் கோயில் முன்னாடி நின்னுகினு ஒரே ஒரு வாட்டி வீடியோ கால் போடு, போதும்" என்றாள். அதைவிட அதிகமாக அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, துறைமுகம் வருவது வேறு, நமக்கு லீவு வருவது வேறு. ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகமான சிவிட்டாவெக்கியாவில் கப்பல் நிற்கும், பயணிகள் தொப்பி மாட்டிக்கொண்டு ரோமுக்குக் கிளம்புவார்கள், நான் ஏசி குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில் ஒருநாள் முழு லீவு கிடைத்தது. லாண்டரியில் வேலை பார்க்கும் வாலாஜாபாத் நண்பனுக்கும் அன்றைக்கே லீவு. அம்மா, சர்ச்சில் தன்னோடு ஜெபக் கூட்டத்துக்கு வரும் அன்பியத்து அக்காக்கள் அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

கப்பலிலிருந்து துறைமுக வாசலுக்கே பஸ்ஸில்தான் போக வேண்டும். அதற்குப் பயணிகளின் வரிசை வளைந்து வளைந்து நின்றது. சற்றுத் தள்ளி ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஆட்கள் வேறொரு பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"மச்சி, ஸ்டாஃப் பஸ்டா. வா" என்றான் நண்பன்.

எங்கள் பக்கத்தில் இது பழக்கம். எந்தக் கம்பெனி பஸ்ஸாக இருந்தாலும் ஏறி, டிரைவரைப் பார்த்து ஒரு தலையாட்டல், ஜங்ஷனில் இறங்கிக்கொள்வது. எங்கே போகிறது என்று கேட்பவன் புதுசாக வந்தவன். தலையாட்டினேன். அந்த டிரைவரும் ஆட்டினார். பஸ் கிளம்பி, வாசலுக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பியது.

"டேய், கேட்டு அந்தாண்ட கீது."

"ஆளு ஏத்திக்கினு திரும்புவான், கம்முனு வா."

திரும்பவில்லை. வேலி போட்ட ஒரு பெரிய மைதானத்துக்குள் போய் நின்றது. கண்ணுக்கு எட்டியவரை புதுக் கார்கள். ஆட்கள் இறங்கி வேலைக்குப் போனார்கள், டிரைவர் பஸ்ஸைப் பூட்டிவிட்டுப் போனார். காவலாளி எங்கள் அடையாள அட்டையைப் பார்த்தார், ஜாக்கெட் இல்லாத உடம்பைப் பார்த்தார், ஒரு பெஞ்சைக் காட்டி "அஸ்பெத்தா" என்றார். காத்திரு என்று அவருடைய உள்ளங்கையே சொல்லிவிட்டது. அங்கே நடந்து போக அனுமதி இல்லை, பஸ் ஷிப்ட் முடிந்தால்தான் திரும்பும். 'நாங்கள் ரோமுக்குப் போக வேண்டும்' என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் சிரித்தார்.

"ரோமுன்னு வந்து ஸ்டாக்யார்டுல குந்த வச்சிட்டானே. நீ மாட்ன கதவு எதுனா கீதா பாரு மச்சி" என்றான் நண்பன். அவனை அடித்திருப்பேன்.

அப்போதுதான் அம்மா அழைத்தாள். "எல்லாரும் வந்துட்டாங்கடா. காட்டு."

என்ன காட்டுவது? கேமராவைத் திருப்பினேன்.

"இன்னாடா இது, ஒரகடம் மாதிரி கீது?"

பின்னாலிருந்து ஒரு அக்கா: "பாப்பரசருக்கு இத்தினி காரா?" வீடு முழுக்கச் சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். "சரி வுடு. இவங்க டீ குடிச்சிட்டுக் கெளம்பட்டும்" என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பஸ் எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது ரயில் பிடித்து ரோம் போய்வர நேரம் இல்லை. ஊருக்குள் போய் பீட்சா வாங்கினோம். நண்பன் என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டான். எனக்கு அந்த டிரைவர் மேல் கோபம், இவன் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேலேயே கோபம். ஏறும்போது "ரோமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உலகம் சுற்றக் கிளம்பியவனுக்கு, புதுசாக வந்தவன் போலத் தெரிய மனம் வரவில்லை.

கப்பல் மறுபடியும் அங்கே போகிறது. அன்றைக்கு லீவு எனக்கில்லை, என் பிரிவில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரனுக்கு. அவனுக்கு பார்சிலோனா பார்க்க ஆசை, என் லீவு வருவது கப்பல் பார்சிலோனாவில் நிற்கும் அன்று. மாற்றிக்கொள்ள அவன் சரி என்றுவிட்டான். சூப்பர்வைசர் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்பவர் அவர். நாளைக் காலை, அவர் காபி குடித்து முடித்த பிறகு போய்க் கேட்கப் போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.