கண்மை மீசை வைத்த மந்திரி

மந்திரியக்காவின் மீசையை வரைந்தது என்னுடைய கண்மைப் பென்சில். கோயில் பெருநாள் அன்று மாலை நான்கரை மணி இருக்கும். கூத்து மேடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டியின் பக்கக் கண்ணாடிக்குள் குனிந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் என்று இழுத்தார். வலப்பக்கம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. "மிஸ், கோணலோ?" என்று கேட்டார். கோணல்தான். "இல்லை அக்கா, நல்லாயிருக்கு" என்றேன். உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு நான் சொன்ன முதல் பொய் அது இல்லை. ஆனால் சந்தோசமாகச் சொன்ன முதல் பொய் அதுதான்.

அப்போது நான் ஓர் உள்ளூராட்சி சபையில் அபிவிருத்தி உத்தியோகத்தர். சுன்னாகத்துப் பக்கம் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவள். கடலில் மீன் இருக்கிறது என்பதற்கு மேல் அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்துக்கு மக்களிடம் முன்மொழிவு கேட்பது என் வேலைகளில் ஒன்று. யாழ்ப்பாண நகரத்தை ஒட்டிய அந்தக் கடற்கரை வட்டாரத்திலிருந்து கடற்றொழிலாளர் சங்கத்து ஆண்கள் நாலு பேர் வருவார்கள், இருப்பார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். வலையில் சிக்கிய நண்டைக் கழற்றுவதிலும் இறாலைத் தரம் பிரிப்பதிலும் பாதி நாளைக் கரையிலேயே கழிக்கும் பெண்கள் ஒருவர்கூட வந்ததில்லை. நான் மூன்று தரம் படகுத்துறைக்கே போய்க் கூட்டம் வைத்துப் பார்த்தேன். "எங்கடை அவர் சொன்னாச் சரி, மிஸ்" என்று சிரித்துவிட்டு நண்டுக்குத் திரும்பிவிடுவார்கள். மூன்றாம் தரம் ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு போனேன். கொளுத்துகிற வெயில், ஆனாலும் ஒருவரும் ஒரு மூடியைத் திறக்கவில்லை. நான் கொடுத்தால் குடிக்க மாட்டார்களோ என்று எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பெட்டியைத் திரும்பத் தூக்கி ஸ்கூட்டியில் வைத்தபோதுதான் ஓர் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார். "கோவிக்காதேங்கோ மிஸ். குடிச்சா, பிறகு எங்கை போறது?"

அந்தத் துறையில் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் இல்லை. காலையில் வந்தது முதல் மத்தியானம் வீட்டுக்குப் போகும்வரை தொண்டையை நனைக்காமலே வேலை செய்திருக்கிறார்கள், வருடக்கணக்காக. நான் போட்ட மூன்று கூட்டத்திலும் விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்று தொண்டை கிழியக் கத்தியது நினைவுக்கு வந்து வெட்கமாகப் போயிற்று. இதைச் சபையில் வந்து சொல்லுங்கள், பெருநாளுக்கு அடுத்த செவ்வாய்தான் கடைசி நாள் என்றேன். நானே எழுதிக் கொடுக்கலாம்தான். ஆனால் உத்தியோகத்தர் எழுதிய கடதாசி எந்த மேசையில் போய்ப் படுக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "ஆம்பிளையளுக்கு முன்னாலை இதை எப்பிடிக் கதைக்கிறது? என்ரை மனுசனுக்கே நான் சொன்னதில்லை, மிஸ்."

இவர்தான் பிறகு மந்திரியக்கா ஆனவர். அந்தக் கத்தோலிக்கப் பங்கில் பெருநாளுக்குக் கூத்துப் போடுவது வழக்கம். அக்கா பல வருடமாகத் திரைக்குப் பின்னால் நின்று, மறக்கிறவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பவர். முழுக் கூத்தும் அவருக்கு மனப்பாடம். அந்த வருடம் மந்திரி வேசம் கட்டுகிறவர் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போய்விட்டார். நான் ஆடுகிறேன் என்று அக்கா சொன்னதும் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார், "பொம்பிளை மந்திரியோ?" என்று முகத்தைச் சுளித்தாராம். "ராணிக்கு ஆம்பிளை ஆடலாமெண்டா மந்திரிக்கு நான் ஏன் ஆடேலாது?" என்று அக்கா கேட்டாராம். ராணியாக ஆட இருந்தவரே விழுந்து விழுந்து சிரித்ததில் விசயம் முடிந்துபோயிற்று. ராசா வேறு யாருமில்லை, அக்காவின் கணவர். இடைவேளையில் மேடையேறிச் செவ்வாய்க் கூட்டத்து அறிவித்தலை வாசிக்க ஐந்து நிமிடம் வாங்கித் தாருங்கள் என்று நான் அக்காவிடம் கெஞ்சினேன். "நோட்டீசை வாசிச்சா ஆரும் கேக்கமாட்டினம், மிஸ். பேப்பரும் பேனையும் கொண்டு வாங்கோ, அது காணும்" என்றார்.

முன்வரிசைக் கதிரைகளில் பங்குத் தந்தையும் எங்கள் சபைத் தவிசாளரும் சங்கத்து ஆண்களும் இருந்தார்கள். பெண்கள் எல்லாரும் மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தங்கக் கடதாசி முடியோடு ராசா வந்து கொலுவில் இருந்து, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "மந்திரியாரே, நமது நாட்டு மக்கள் யாதொரு குறையுமின்றி வாழ்கின்றனரா?" ஒரு குறையும் இல்லை மகாராசா என்பதுதான் பதில். அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பதில். அக்கா அதைச் சொல்லவில்லை. மேடை விளிம்புக்கு வந்து, பாயில் இருந்த பெண்களைப் பார்த்தபடி சொன்னார்: "மகாராசா, பொய் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. இவையளையே கேளும்."

மத்தளம் நின்றுவிட்டது. அண்ணாவியார் தாளத்தைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றார். ராசாவுக்கு அடுத்த அடி தெரியாது. அடி எடுத்துக் கொடுக்கிறவரோ மேடையில் நிற்கிறார். பாயில் இருக்கிற பெண்கள் இப்போது வாய் திறக்காவிட்டால் அக்கா நாளைக்கு அந்த ஊரில் எப்படி நடமாடுவார்? அக்கா அசையவில்லை. மீசையின் ஏறிய பக்கத்தை ஒரு விரலால் மெல்ல முறுக்கினார். பாயிலிருந்து ஒருத்தி, நண்டு கழற்றுகிறவள், முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தபடி எழுந்தாள். "குறை இருக்கு, மகாராசா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "என்ன குறை?" என்று ராசா கேட்டார். அது கூத்துக் குரல் இல்லை, உண்மையாகவே தெரியாத ஒரு மனுசனின் குரல். அவள் சொன்னாள். ராசாவிடம்தானே சொல்கிறாள், அதனால் வெட்கம் இருக்கவில்லை. சிரிப்பு அடங்கிவிட்டது. ராசா முடியைக் கையில் எடுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அக்கா கண்ணை எடுக்காமல் ஓமென்று தலையாட்டினார். பிறகு இன்னொருத்தி எழுந்தாள், இன்னொருத்தி, இரவில் நடக்க வெளிச்சம் இல்லாத ஒழுங்கை, நாறுகிற வாய்க்கால் என்று மழைபோலக் கொட்டியது. ராசா முடியைத் திரும்ப வைத்துக்கொண்டு, "யாரங்கே! இவர்கள் சொல்வதெல்லாம் எழுதப்படட்டும்!" என்று கர்ச்சித்தார். மந்திரியின் விரல் நேரே என்னைக் காட்டியது. செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாது, வெறுங்காலோடு மேடையில் ஏறி, மத்தளத்தின் மேல் கடதாசியை வைத்து எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் எழுதிய மிக நல்ல கூட்ட அறிக்கை அதுதான்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் வந்தார்கள். எல்லாரும் பெருநாள் சேலை கட்டி, ஒரு தட்டிவானை நிறைத்துக்கொண்டு வந்தார்கள். சபை மண்டபத்தின் குளிருக்குள் நுழைந்ததும் மறுபடி வாயடைத்துப் போனார்கள். வேறு கருத்து ஏதும் உண்டா என்று தவிசாளர் கேட்டு, கோப்பை மூடப் போனார். கடைசி வரிசையில் இருந்த அக்கா, மீசையில்லாத மேலுதட்டில் ஒரு விரலை வைத்து, வலப்பக்கம் கொஞ்சம் மேலே ஏற்றி இழுத்தார். நண்டு கழற்றுகிறவள் எழுந்தாள். எல்லாரும் எழுந்தார்கள். கைதட்டக் கூடாது என்பது எங்களுக்குச் சட்டம், நான் தட்டினேன். அடுத்த பெருநாளுக்கு முன் துறையில் மலசலகூடமும் குழாயும் வந்தன. திறந்த அன்று வேறு விழா ஒன்றும் வைக்கவில்லை. கரையில் வட்டமாக இருந்து, வயிறு முட்ட முட்டத் தண்ணீர் குடித்தார்கள். "இன்னும் ஒண்டு தாங்கோ மிஸ்" என்று மந்திரியக்கா போத்தலை நீட்டியபோது எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

எனக்கு மாற்றம் கிடைத்து வடமராட்சிப் பக்கத்துச் சபை ஒன்றுக்கு வந்துவிட்டேன். ஸ்கூட்டி அதேதான், காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது அந்தக் கோணல் மீசை இன்னும் அதற்குள் நிற்பது போலிருக்கும். போன மாதம் இங்கே எனக்கு முதல் முன்மொழிவுக் கூட்டம். துறைதுறையாகப் போய் அழைத்ததில் கரையோரப் பெண்கள் பலர் வந்திருந்தார்கள். கருத்து ஏதும் உண்டா என்று இந்தத் தவிசாளரும் கேட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் பேனையை மூடினார். என்னை அறியாமல் என் விரல் மேலுதட்டுக்குப் போயிற்று. மேசைக்கு இந்தப் பக்கம், அத்தனை பேருக்கும் முன்னால், இல்லாத மீசையை நான் முறுக்கினேன். தவிசாளர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கடைசி வரிசையில், நான் முன்பின் கண்டிராத ஒரு பெண் எழுந்தாள். தன் மேலுதட்டில் விரலை வைத்து, வலப்பக்கம் கொஞ்சம் மேலே ஏற்றி இழுத்தாள்.

"குறை இருக்கு, மகாராசா."