தந்தம் முன்னே, யானை பின்னே

"தந்தம் முன்னே" என்று சொல்லும்போதே அவருடைய இடது தோள் கொஞ்சம் கீழே இறங்கும். உயிரியல் பூங்காவில் கம்பிவேலிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் யானையைப் பற்றிப் பேசுவது அவர் வேலை. டிக்கெட் கிழிப்பவர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் 'யானையக்கா'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

"எலிஃபன்ட்ங்கிறோமே, அது முதல்ல தந்தத்தோட பேருங்க. அந்தக் காலத்து கிரேக்கத்துக்காரங்க யானையைக் கண்ணால பார்த்ததில்ல. தந்தம் மட்டும் வியாபாரத்துல வந்துச்சு. அதுக்கு வச்ச பேரையே, பின்னாடி யானையைப் பார்த்தப்ப அதுக்கும் வச்சுட்டாங்க. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சொல்வோம்ல? அவங்களுக்குத் தந்தம் முன்னே, யானை பின்னே!"

இந்த இடத்தில் பின்னாலிருந்து தும்பிக்கை நீளும். இறங்கிய தோளின் மேல் ஊர்ந்து, தோள்பையைத் துழாவி, கேரட்டை எடுத்துக்கொண்டு போகும். கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

"இவ பொம்பளை, வெளியே தெரியிற தந்தமே கிடையாது. பேருக்கும் இவளுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. கவலைப்படுறாளா பாருங்க!"

நம் 'யானை' எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் உண்டு. "கருப்புன்னு அர்த்தம்னு சில பேர் சொல்றாங்க. இல்லவே இல்லைன்னு சில பேர் சண்டைக்கு வர்றாங்க. இவ ரெண்டையும் கேட்டுக்கிட்டு தழையைத் தின்னுட்டிருக்கா."

இவ்வளவு பேசுகிறவர் வீட்டில் வாய் திறப்பதில்லை. குழாய் சொட்டினால் அதைத் திட்டுவார், அவ்வளவுதான். ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவி வைத்தால் காலைவரை அப்படியே இருக்கும்.

போன வருடம் யானை நின்ற இடத்திலேயே தலையை ஆட்ட ஆரம்பித்தது. டான்ஸ் ஆடுகிறது என்று ஜனங்கள் கைதட்டினார்கள். யானையக்கா, "அது ஆட்டமில்ல சார். துணையில்லாத வியாதி" என்று இயக்குநரிடம் போய்ச் சொன்னார். போகும்போதெல்லாம் அதையே சொல்லி, அவர் காதைத் துளைத்து, யானைகள் கூட்டமாக இருக்கும் தூரத்துக் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பச் சம்மதம் வாங்கிவிட்டார்.

லாரி வந்த அன்று யார் கூப்பிட்டும் யானை ஏறவில்லை. கடைசியில் யானையக்காதான் பையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னாலேயே ஏறிய யானை கேரட்டைத் தின்றுகொண்டிருக்கும்போது, பக்கத்துச் சின்னக் கதவு வழியாக இறங்கிக்கொண்டார்.

தங்கை போனில் சிரித்தாள். "யானைக்குத் துணை தேடிக் குடுத்துட்டே. உனக்கு எப்போக்கா?"

"நான் என்ன யானையா? எனக்கு ஒரு ரூம் போதும்டி."

அவள் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். தனியாக இருப்பது யாருக்கும் நல்லதல்ல என்று ஊரெல்லாம் சொல்லி ஜெயித்தவருக்கு, அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கிளிக்கூண்டுப் பக்கம் மாறிக்கொள்ளச் சொன்னார் இயக்குநர். "அதுங்களே பேசுமே சார், நான் எதுக்கு?" என்று மறுத்துவிட்டார்.

இப்போதும் அதே வேலிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார். பின்னால் வெறும் மண்தரை. வந்தவர்கள் அவர் தலைக்கு மேலே எட்டி யானையைத் தேடுகிறார்கள். "அவங்களுக்குத் தந்தம் முன்னே" என்கிறார். இடது தோள் இறங்குகிறது. மீதியைச் சொல்லாமல், தோளை அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறார்.