பூட்டிய கேட்டும் நாற்பத்தாறாம் சங்கீதமும்

சர்ச் பெரியவர் செல்லமுத்து மூப்பர் அன்றைக்குச் செய்த ஜெபத்தை நினைத்தால் மயிலம்மாளுக்கு இன்னமும் அடிவயிறு பற்றி எரியும். எரியாமல் என்ன செய்யும்? கட்டிலில் கிடந்த அவள் புருஷன் செங்கோடனின் தலைமேல் கை வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தக் குடும்பத்துக்கு அடைபட்ட வழியைத் திறந்தருளும்" என்று உருகினார் அந்த மனிதர். வழியை அடைத்தவரே அவர்தான். பூட்டிய சாவி அந்த நேரத்தில் அவருடைய சட்டைப் பையில் கிடந்தது. அவர் குனிந்து நிமிரும்போதெல்லாம் கிணுகிணு என்று சத்தம் வேறு போட்டது.

அதைவிடக் கொடுமை, ஜெபம் முடிந்ததும் முதல் ஆளாக "ஆமென்" சொன்னவள் மயிலம்மாள்தான். பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று புரிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி மூன்றே மூன்று வீடுகள். அதில் நடு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மயிலம்மாளுக்கு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. மரவள்ளி, கொஞ்சம் சாமை, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட நாற்பது மிளகுக் கொடி, இவ்வளவுதான் சொத்து. அவள் பிறந்த வீடு சர்ச்சுக்குப் போகிற வீடு. செங்கோடன் ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரரைக் கும்பிடாமல் சோற்றில் கை வைக்காதவர். "உன் சாமி உனக்கு, என் சாமி எனக்கு, சோத்துச் சட்டி மட்டும் ஒண்ணு" என்று கல்யாணத்தன்றே சொல்லிவிட்டார். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

கார்த்திகை மாதம் மிளகு பழுத்திருக்கிறதா என்று பார்க்க மூங்கில் ஏணி போட்டு ஏறியவர், மழை ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு போயிற்று. கீழே ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். வியாழக்கிழமை தவறாமல் வந்து காலுக்குப் பயிற்சி எடுக்க வேண்டும், விட்டால் கால் இறுகிப்போகும், அப்புறம் ஜென்மத்துக்கும் எழுந்து நடக்க முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டிலிருந்து ரோட்டுக்குப் பத்து நிமிஷ வழி. மூங்கிலில் தொட்டில் மாதிரி டோலி கட்டித் தூக்கிப் போய்விட்டால் வேன் கிடைக்கும். அந்தப் பத்து நிமிஷ வழி செல்லமுத்து மூப்பர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய தோட்டத்துக்குள் போகிறது. தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் நடந்த வழி. மார்கழி பிறந்ததும் மனிதர் முள்கம்பி இழுத்தார், இரும்பு கேட் போட்டார், பூட்டினார். கேட்டதற்கு, "மிளகு திருட்டு, தங்கச்சி. உனக்குத் தொறந்தா எல்லாருக்கும் தொறந்த மாதிரி" என்றார். அவளை என்ன, மிளகைத் திருடி மடியில் கட்டிக்கொண்டு போகிறவள் என்றா நினைத்தார்? இடுப்பு ஒடிந்தவனைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எந்தக் கையால் மிளகு பறிப்பார்கள்?

மிச்சமிருந்தது ஆற்று வழி. பாசி பிடித்த பாறை, ஒரு மணி நேர நடை. ஒரு தடவை போனார்கள். செங்கோடனின் தம்பி அர்த்தனாரிக்குக் கால் சறுக்கி, டோலி பாறையில் மோதி, செங்கோடன் போட்ட சத்தம் எதிர்மலை வரைக்கும் கேட்டது. இனிமேல் அந்த வழியில் தூக்கமாட்டோம் என்று ஆட்கள் கைகழுவிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வியாழக்கிழமைகள் வீணாகப் போயின. முழங்கால் மடங்குவது நாளுக்கு நாள் குறைந்தது.

இந்த நிலையில்தான் புத்தாண்டு வந்தது. அவர்கள் சர்ச்சில் அன்று காலை ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ஒரு பக்கம் ரோஜாப்பூ, மறுபக்கம் பைபிளிலிருந்து ஒரு வரி. பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தால், அந்த வருஷம் முழுக்கக் கடவுள் உனக்குச் சொல்கிற சொல் அதுதான். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வேறு யார், மூப்பர்தான். மயிலம்மாள் எடுத்ததை அவரே வாங்கி வாசித்தார். நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள் என்ற வரி. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே.

"பாத்தியா தங்கச்சி. கர்த்தரே சொல்லிட்டாரு, பேசாம இருன்னு."

மயிலம்மாள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து அட்டையைக் கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் செருகினாள். பேசாமல்தான் இருந்தாள். அந்த வாரம்தான் மூப்பர் வந்து, சாவி கிணுகிணுக்க, அந்த அருமையான ஜெபத்தைச் செய்தார்.

அவர் போனதும் செங்கோடன் சிரித்தார். வலிக்க வலிக்கச் சிரித்தார்.

"ஏம் புள்ள, கேட்டப் பூட்டுனவனும் உங்க சாமி ஆளு. அதப் பாத்து அழுவறவளும் உங்க சாமி ஆளு. உங்க சாமி யாரு பக்கம்?"

 அந்தக் கேள்விதான் அவளை அறுத்தது. கேட் பூட்டியிருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கடவுளும் சேர்ந்து பூட்டிக்கொண்டுவிட்டாரோ என்ற சந்தேகத்தை எப்படித் தாங்குவது?

மறுநாள் மத்தியானம், செங்கோடன் கண் அயர்ந்திருந்தபோது, அவள் பைபிளை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டு வரப்பில் போய் உட்கார்ந்தாள். பக்தியில் இல்லை, கோபத்தில். தன்னை வாயை மூடச் சொன்னது யார் என்று பார்த்துவிடுவது என்று. அறிவொளி வகுப்பில் இருபத்தைந்து வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் படித்தவள் அவள். அட்டையளவு வசனம்தான் இதுவரை அவளுடைய பைபிள். அட்டையின் அடியில் சங்கீதம் நாற்பத்தாறு என்று போட்டிருந்ததை, பைபிளில் பாட்டுகள் இருக்கிற பகுதியில் தேடிப் பிடித்து, விரல் வைத்து, முதல் வரியிலிருந்து வாசித்தாள்.

மலைகள் பெயர்ந்து கடலுக்குள் விழுந்தாலும் பயப்படமாட்டோம் என்று தொடக்கத்திலேயே வந்தது. கடலை அவள் பார்த்ததில்லை. மலை பெயர்வதைப் பார்த்திருக்கிறாள். ஒரு மழைக்காலத்தில் சாலை ஓரம் மண் சரிந்து, பஸ் ஓடாமல் நாலு நாள் கிடந்தார்கள். எழுதினவர் சும்மா எழுதவில்லை என்று பட்டது. இன்னும் கீழே போனாள். கடவுள் வருகிறார், வில்லை ஒடிக்கிறார், ஈட்டியை முறிக்கிறார், தேர்களை நெருப்பில் போடுகிறார். போட்டுவிட்டு அடுத்தபடியாகச் சொல்கிறார், அமர்ந்திருங்கள் என்று.

அவள் திரும்பவும் வாசித்தாள். மூன்றாம் தரமும் வாசித்தாள். வில்லும் ஈட்டியும் யார் கையில் இருந்தது? அவள் கையிலா? ஆளை அடித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து 'போதும், நிறுத்து' என்று சொன்ன சொல்லை வெட்டி எடுத்து, ரோஜாப்பூ ஒட்டி, அடிபட்டவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொன்னாள்.

அன்றிலிருந்து மத்தியானம் தோறும் சங்கீதங்களை ஒன்று விடாமல் வாசித்தாள். வாசிக்க வாசிக்க ஆச்சரியம் தாங்கவில்லை. பைபிளில் இருக்கிறவர்கள் எல்லாம் கைகட்டிப் பணிவாகப் பேசுவார்கள் என்றுதான் இதுநாள் வரை நினைத்திருந்தாள். இங்கேயோ ஒருவர் எத்தனை நாளைக்கு என்னை மறந்திருப்பீர் என்று கேட்கிறார். இன்னொருவர் ஏன் தூங்குகிறீர், எழுந்திரும் என்று கடவுளையே உலுக்குகிறார். இத்தனை சண்டையையும் ஒரு வரி அடிக்காமல் தன் புத்தகத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறார் கடவுள். இதை ஏன் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை? இத்தனை வருஷம் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்ல வைத்தார்கள்?

ஒரு நாள் கிழங்கு பிடுங்கிக்கொண்டே அவளும் கடவுளைக் கேட்டுவிட்டாள். "நீங்க பாத்துக்கிட்டுத்தான இருக்கறீங்க? அந்தாளு உங்க பேரச் சொல்லிக்கிட்டுப் பூட்டறாரு. உங்களுக்கு ரோசம் வேண்டாமா?" கத்தித் தீர்த்த பிறகு பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அசலாரிடம் யாராவது இப்படிச் சண்டைக்குப் போவார்களா? உரிமை இருக்கிற இடத்தில்தானே போவோம். அவர் தன்னுடையவர் என்று அவள் முதன்முதலாக நம்பியது அந்தக் கிழங்குக் காட்டில்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. கடவுள் செய்த நன்மையை எழுந்து சொல்லலாம். குறை மட்டும் சொல்லக்கூடாது, யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. பேளுக்குறிச்சியிலிருந்து பஸ் மாறி வருகிற பாஸ்டர் பிரேம் சின்ன வயசுக்காரர். மயிலம்மாள் எழுந்ததும் தலையசைத்தார்.

"எனக்குக் கெடச்ச கார்டுல ஒரு வரிதான் போட்டிருக்குதுங்க. நான் முழுசும் வாசிக்கறேன்" என்று நாற்பத்தாறாம் சங்கீதத்தை விரல் வைத்து, திக்கித் திக்கி வாசித்தாள். முடித்துவிட்டுக் கேட்டாள். "பாஸ்டர், அமர்ந்திருங்கன்னு யாருக்குங்க சொன்னது?"

பிரேம் மூப்பரைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை அவருக்கு. "சண்டை போடறவங்களப் பாத்துச் சொன்னதுங்கம்மா. ஆனா பயந்து கெடக்கறவங்களுக்கும் அதுல ஆறுதல் இருக்குதுங்க."

"ஆறுதல் எனக்கு வேணுங்க. மொதல்ல வில்லு ஒடியட்டும்."

மூப்பர் எழுந்தார். "சொந்தப் பிரச்சனைய சபையில கொண்டாரக் கூடாது, தங்கச்சி."

"நீங்க ஜெபத்துல கொண்டாந்தீங்களேண்ணா" என்றாள் மயிலம்மாள். "வியாழக்கிழமை எட்டு மணிக்கு அவரக் கொண்டாந்து உங்க கேட்டு முன்னால எறக்குவேன். பூட்ட ஒடைக்க மாட்டேன். ஆத்து வழியும் போக மாட்டேன். மொத சங்கீதத்துல இருந்து சத்தமா வாசிப்பேன். நூத்தம்பது இருக்குது."

சொல்லிவிட்டாளே தவிர, வியாழக்கிழமை காலையில் பைபிளைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். "தொறந்தாலும் உங்ககிட்டத்தான் வருவேன், தொறக்காட்டியும் உங்ககிட்டத்தான் வந்து கத்துவேன்" என்று கடவுளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அர்த்தனாரியும் பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணுவும் டோலியைத் தூக்கினார்கள். கேட் பூட்டித்தான் இருந்தது. இறக்கி வைத்தார்கள். அவள் ஆரம்பித்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று போயிற்று. தோட்டத்துக்குள் மேலே தெரிந்த மூப்பர் வீட்டில் ஒரு அசைவும் இல்லை. பத்தாவதுக்கு வந்திருந்தாள். கெட்டவன் மறைவில் உட்கார்ந்து ஏழையை மடக்குகிறான், கடவுள் இதையெல்லாம் பார்க்கமாட்டார் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறான் என்கிற இடம். அந்த இடத்திலா வந்து நிற்க வேண்டும் மூப்பர்?

"செங்கோடா, உம் பொண்டாட்டி வசனத்த வெச்சு மெரட்டறா."

செங்கோடன் படுத்தபடியே சொன்னார். "அவளுக்கு இத்தன வார்த்தை ஏதுங்க. உங்க புத்தகத்துல இருக்கறதத்தான் படிக்கறா. நானும் இப்பத்தான் கேக்கறேன்."

மூப்பர் முகம் சிறுத்துப்போயிற்று. பூட்டைத் திறந்தார். "இன்னிக்கு மட்டும்" என்றார். மயிலம்மாள் பாதியில் புத்தகத்தை மூடிக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரியில் முழங்காலை மடக்கிப் பார்த்து, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கஷ்டம்தான் என்றார்கள்.

சாயங்காலம் நாலரைக்குத் திரும்பி வந்தால், கேட் மறுபடி பூட்டியிருந்தது. போகத்தான் திறந்தாராம், வருவதற்கு இல்லையாம். என்ன மனுஷன் இவன்? சின்னக்கண்ணு கெட்ட வார்த்தையில் திட்டினான். அர்த்தனாரி கல்லை எடுத்தான். மயிலம்மாள் அவன் கையைப் பிடித்துக் கல்லைக் கீழே போட வைத்தாள். அழுகையும் ஆத்திரமுமாக அப்படியே மண்ணில் உட்கார்ந்து, காலையில் விட்ட பத்தாவதையே எடுத்து மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். 

"சத்தமாப் படி மயிலு" என்றார் செங்கோடன். "அவுங்க ஊடு வரைக்கும் கேக்கட்டும்."

பாதி வாசிப்பதற்குள் சரிவில் மூப்பரின் மனைவி பானுமதி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்து, சாவியை மயிலம்மாள் கையில் வைத்து அழுத்தினாள்.

"வெச்சுக்க அக்கா. அவரு கேட்டா நாஞ் சொல்லிக்கறேன். காலையில இருந்து எனக்குச் சோறு எறங்கல."

மயிலம்மாள் சாவியை முந்தானையில் முடிந்தாள். புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தாள். அர்த்தனாரி மூங்கிலைத் தோளில் ஏற்றினான்.

"எறக்குடா" என்றார் செங்கோடன். "காலையிலயும் பாதியில நிறுத்திட்டா. கடைசீல என்ன ஆச்சுன்னு தெரிய வேண்டாமா?"

திறந்த கேட்டின் முன்னால் டோலியை மறுபடி இறக்கினார்கள். பானுமதியும் நின்றாள். மயிலம்மாள் விட்ட இடத்தைத் தேடி, விரல் வைத்து, கடைசி வரிகளை வாசித்தாள். எளியவர்கள் கேட்டதைக் காதில் வாங்கினீர், இனிமேல் எந்த மனுஷனும் அவர்களை மிரட்டாதபடிக்கு நியாயம் செய்வீர் என்று முடிந்திருந்தது.

"காதுல வாங்குனாருன்னா போட்டிருக்குது?"

"ஆமாங்க. வாங்குனாருன்னுதான் போட்டிருக்குது."

செங்கோடன் டோலியின் மூங்கிலை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அப்பச் சரி" என்றார். "தூக்குங்கடா, போலாம்."