ஹஸ்மி நானாவின் யூரியா

புத்தளத்தில் எங்கள் தெருவில் பழைய போன், உடைந்த கம்பியூட்டர் எதையும் எறிவதில்லை. ஹஸ்மி நானாவிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். களப்புத் தண்ணீரைப் பார்த்த கொட்டிலில், அவற்றின் தகடுகளை அமிலத்தில் போட்டுப் பொன்னைப் பிரித்தெடுப்பது அவருடைய தொழில். கொழும்பில் ஒரு தட்டாரிடம் கற்றது. தட்டார் சொன்னதுதான் சட்டம்: பொன் கரைந்ததும் ஒரு பிடி யூரியா போட வேண்டும், நுரை அடங்க வேண்டும், பிறகுதான் பொன்னை அடியில் இறக்கும் தூள். யூரியா எதற்கு என்று கேட்டால், "போடாட்டி பொன் எறங்காது" என்பார். அதற்கு மேல் கேட்டால் பிளேன்ரீ குடிக்கச் சொல்வார்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. விவசாயிகள் எல்லாம் யூரியாவுக்கு அலைந்தார்கள். ஹஸ்மி நானாவிடம் ஒரு மூட்டை இருந்தது.

எலுவன்குளத்தில் இருக்கும் அவருடைய தங்கச்சி ஷிஹாராவுக்குப் புருஷன் மௌத்தான பின் ஒரு துண்டு வயல்தான் சீவியம். பெரும்போகப் பயிர் மஞ்சளாகத் தொடங்கியதும் பஸ் ஏறி வந்தாள்.

"நானா, பாதியாச்சும் தாங்க. இப்ப போடாட்டி பொறகு போட்டும் வேலல்ல."

"தந்தா நான் என்னத்த வெச்சித் தொழில் செய்ற? இனி வரவே வராதாம்."

அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. கறிவேப்பிலை கேட்டு இல்லையென்றதும் போகிறவள்போலத் திரும்பிப் போனாள். எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டவன் எப்படிச் சத்தம் போடுவது?

ஹஸ்மி நானா சிக்கனத்தில் இறங்கினார். அமிலமும் விலை ஏறியிருந்ததால், பொன் கரையத் தேவையான அளவை மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டார். யூரியாவை அரைப் பிடியாக்கினார். பொன் இறங்கியது. பிறகு ஒரு சிட்டிகை. இறங்கியது. ஒருநாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு யூரியாவே போடாமல் பார்த்தார். உருக்குமுன் இருக்கும் வழக்கமான மண்ணிறத்தில், வழக்கமான அளவில், பொன் அடியில் கிடந்தது. மிஞ்சிய அமிலத்தை அடக்கத்தான் யூரியா. மிஞ்ச விடாவிட்டால் அதற்கு வேலையே இல்லை. தட்டார் அமிலத்தை அள்ளி ஊற்றுகிறவர். இத்தனை வருடமும் இவரும் அப்படியே ஊற்றியிருக்கிறார்.

அன்றே மூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு எலுவன்குளம் போனார். வயலில் கதிர் வந்துவிட்டிருந்தது. குட்டைக் கதிர், பாதிக்கு மேல் பதர். ஷிஹாரா வரம்பில் நின்று மூட்டையைப் பார்த்தாள்.

"இனி என்னத்துக்கு நானா? அடுத்த போகத்துக்கு வயலக் குத்தகைக்குக் குடுத்துட்டன். கொண்டு போங்க, ஒங்கட தொழிலுக்கு வேணும்தானே."

தொழிலுக்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாராம். சொன்னால், அவளுடைய பயிர் சும்மா கெட்டது என்றாகிவிடும். இந்த இடத்தை என்னிடம் சொல்லும்போது மனுஷன் அழுதுவிட்டார்.

"ஓம், வேணும்" என்றார்.

மூட்டையைத் திரும்பவும் மோட்டார் சைக்கிளில் ஏற்றினார். கட்டும்போது கயிற்றின் மறுமுனையை ஷிஹாராதான் இழுத்துப் பிடித்துக் கொடுத்தாள்.