ஊரில் யாருக்கும் இல்லாத பெயர்

இரும்புலியூரில் எங்கள் மாடியில் குடியிருந்த டெனிஸுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் யாரிடமும் இல்லாதது தன்னிடம் இருக்க வேண்டும். மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். கேமரா செல்போன் வாங்கிய புதிதில் எங்கள் வீட்டுப் பப்பாளி மரத்தைப் படம் எடுத்து எனக்கே கொண்டுவந்து காட்டிய மனுஷன்.

2003இல் அவருக்கு மகன் பிறந்தான். மனைவி ஹில்டா கேட்டது ஒன்றே ஒன்று: குழந்தைக்குத் தன் அண்ணன் ஞானஜோதியின் பெயர். தகப்பன் இல்லாத தங்கையை டீச்சர் டிரெயினிங் வரை படிக்க வைத்தவன். முந்தின வருடம்தான் மஞ்சள் காமாலையில் போய்விட்டான்.

"நம்ம சர்ச்சுலயே நாலு ஞானஜோதி இருக்கான்" என்று டெனிஸ் அதோடு முடித்துவிட்டார். ஹில்டா அழுதது மாடியிலிருந்து எங்களுக்குக் கேட்டது.

ராஜகீழ்ப்பாக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு பெயரைப் பிடித்து வந்தார்: மிஸ்திஸ்லாவ். பழைய ருஷ்ய இளவரசர்கள் வைத்துக்கொண்ட பெயராம். இப்போது அங்கேயே அபூர்வமாம்.

"ஸ்லாவ்னா புகழ் சார்! செங்கல்பட்டு வரைக்கும் தேடுங்க, ஒருத்தனுக்கும் கிடையாது."

"முன்பாதிக்கு என்ன அர்த்தம்?"

"அதுவும் நல்லதாத்தான் சார் இருக்கும்."

ஞானஸ்நானத்தில் ஆயரின் நாக்கு இரண்டு தடவை புரண்டது. டெனிஸுக்கு அதிலும் பெருமைதான்.

பிறப்புச் சான்றிதழ் பெயரில்லாமல் வந்திருந்தது. நகராட்சியில் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். கியூவில் நிற்பதெல்லாம் டெனிஸுக்கு ஆகாது. "நீயே போய்ப் பதிஞ்சிட்டு வந்துடு" என்று ஹில்டாவை அனுப்பினார். அவளும் போய் வந்து தாளை பீரோவில் வைத்தாள்.

நான்கு வருடம் தெருவில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் அர்த்தம் சொன்ன மனுஷன், அந்தத் தாளை ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

2007இல் எல்.கே.ஜி. சேர்க்கை. நான் வாத்தியாராக இருந்து ரிடையரான பள்ளி என்பதால் ஹில்டாவோடும் பையனோடும் சிபாரிசுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தலைமையாசிரியை அருள்மேரியிடம் உட்கார்ந்ததுமே ருஷ்ய இளவரசர்களை ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா சான்றிதழைப் பிரித்தார்.

"இதுல ஞானஜோதின்னு இருக்கே?"

டெனிஸ் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். தகப்பன் டெனிஸ், தாய் ஹில்டா. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பரம திருப்தியாக இருந்தது, மறைப்பானேன்.

"என்னடி இது?"

"நீங்கதானே பதிஞ்சிட்டு வரச் சொன்னீங்க" என்றாள் ஹில்டா. குரலில் நடுக்கமே இல்லை. "போற வழியில நானும் பிரவுசிங் சென்டர்ல பார்த்தேன். முன்பாதிக்குப் பழிவாங்குறதுன்னு அர்த்தம். பெத்த பிள்ளைக்கு அதை வைக்க எனக்கு மனசு வரலை."

டெனிஸ் வாயைத் திறப்பதற்குள் அருள்மேரி பையன் பக்கம் குனிந்தார்.

"உன் பேரு என்ன கண்ணு?"

"ஞானஜோதி. என் மாமா பேரு" என்றான் பையன்.