சொட்டுக்காரர் பார்த்த முப்பத்தொரு வண்டிகள்

மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும் மைதானத்தின் வாசலில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் வண்டியை முதலில் அங்கே நிறுத்த வேண்டும். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்வார். மருந்துக் குழாயால் ஒரு சொட்டு உறிஞ்சி, கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் விட்டுத் தேய்ப்பார். விரல் பிடித்தால் உள்ளே இருப்பது டிஸ்டில்டு வாட்டர், ஓட்டலாம். வழுக்கினால் கூலன்ட், வந்த வழியே வீட்டுக்குப் போகலாம். பதினெட்டு வருடமாக இந்த வேலையைச் செய்வதால் அவருக்குச் சொட்டுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ரோட்டில் ஓடும் வண்டிக்குக் கூலன்ட் நல்லதுதான். எஞ்சின் சீக்கிரம் கொதிக்காது, உள்ளே துருவும் பிடிக்காது. ஆனால் பந்தயத்தில் ஒருவன் விழுந்து ரேடியேட்டர் உடைந்தால், அது எண்ணெய் மாதிரி தரையில் படர்ந்துவிடும். துடைத்தாலும் லேசில் போகாது. பின்னால் வருகிறவன் வளைவில் சாய்ந்தபடி அதன்மேல் ஏறினால் அவ்வளவுதான். தண்ணீர் என்றால் வெயிலில் காய்ந்து போகும். அதனால்தான் தண்ணீர் மட்டுமே என்று விதி வைத்தார்கள். அப்படி வழுக்கி விழுந்த ஒருவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கியபோது தலைப்பக்கம் பிடித்தவர் சொட்டுக்காரர். அவன் அப்புறம் வண்டி ஓட்டவில்லை, நடக்கவும் இல்லை. அன்றிலிருந்து அவர் யாரையும் நம்புவதில்லை.

நம்பாமை என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. வாரநாட்களில் அவருக்கு ஒரு பேட்டரிக் கடையில் வேலை. பேட்டரிக்கு ஊற்ற வரும் டிஸ்டில்டு வாட்டர் கேனில் சீல் உடையாமல் இருந்தாலும், ஒரு கரண்டி ஊற்றிக் காயவைத்து, வெள்ளையாக ஏதும் படிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறக்கவிடுவார். ஆறு மாதமாக அவருடைய செருப்பு நடக்கும்போதே அவருக்குத் தெரியாமல் காலிலிருந்து கழன்று விழுந்துகொண்டிருந்தது. கடைக்காரன் அளவு மாற்றி ஏமாற்றுகிறான் என்று சண்டை போட்டு மூன்று ஜோடி மாற்றினார். ரத்தத்தில் சர்க்கரை ஏகமாக ஏறியிருக்கிறது என்று சீட்டு வந்தபோது, லேபுக்காரனும் மருந்துக்கடைக்காரனும் கூட்டுக் களவாணிகள் என்று மனைவியிடம் விளக்கினார். அவள் தலையில் அடித்துக்கொண்டு, சீட்டைப் பத்திரமாக எடுத்து வைத்தாள்.

வருடத்தின் கடைசிப் பந்தயத்துக்கு முப்பத்தொரு வண்டிகள் வந்தன. முப்பத்தொன்றும் தேறின.

அதுதான் அவருக்கு இருப்புக் கொள்ளாமல் செய்தது. எப்போதும் இரண்டு மூன்று மாட்டும். அதைப் பெரிய மோசடி என்றும் சொல்ல முடியாது, சோம்பேறித்தனம். வாரமெல்லாம் ஆபீசுக்கு ஓட்டிய வண்டியில் கூலன்டை வடித்துவிட்டு, நாலு தடவையாவது உள்ளே அலச வேண்டும். ஒரு தடவையோடு கை கழுவிவிட்டு வந்து நிற்பார்கள். பச்சைச் சாயம் போடாமல் தண்ணீர் மாதிரியே இருக்கும் கூலன்ட் கடைக்கு வந்த நாளிலிருந்து கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. விரல்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு மட்டும் எப்படி முப்பத்தொரு பேரும் யோக்கியர்களானார்கள்? எங்கேயோ உதைத்தது. ஊரே கூடிப் பேசி வைத்துக்கொண்டு தன் கண்ணில் மண்ணைத் தூவுகிறது என்று முடிவுகட்டி, பத்து வண்டிகளை மறுபடி திறக்கச் சொன்னார். பத்தும் தண்ணீர்தான். ரைடர்கள் முணுமுணுத்தார்கள்.

அந்த முப்பத்தொன்றில் அவருடைய அக்கா மகளின் வண்டியும் ஒன்று. சலுகை காட்டினார் என்று ஒரு பயல் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக அதை எப்போதும் இரண்டு தடவை பார்ப்பார். இந்த வருடப் புள்ளிக் கணக்கில் அவள் இரண்டாம் இடத்தில் இருந்தாள். இன்று ஜெயித்தால் கோப்பை அவளுக்கு. இரண்டாம் வரிசையில் நிற்கப் போகிறாள், முன்னால் மூன்று வண்டிகள். அந்த மூன்றில் எது சிந்தினாலும் முதலில் ஏறுவது அவள் சக்கரம்தான்.

வழுக்கல் என்றால் எப்படி இருக்கும் என்று விரலுக்கு ஒருமுறை நினைவூட்டலாம் என்று கொட்டகைக்குப் பின்னால் நின்ற தன் சொந்த வண்டிப் பக்கம் போனார். போன வாரம்தான் தன் கையாலேயே புதுக் கூலன்ட் ஊற்றியிருந்தார். ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்தார். வழுக்கவில்லை.

யாரோ கூலன்டைத் திருடிவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறான். முதலில் வாட்ச்மேனைச் சந்தேகித்தார், பிறகு பேட்டரிக் கடை முதலாளியை, பிறகு தன் அக்கா புருஷனை. அக்கா புருஷன் ஒருநாள் வண்டியை இரவல் வாங்கிப் போயிருந்தார், ஆகவே அவர்தான் என்று ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அக்கா மகள் ஹெல்மெட்டில் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கரைக் கேட்டு வந்தாள்.

"இதுல எவனோ வெறும் தண்ணிய ஊத்தி வச்சிருக்கான். தொட்டுப் பாரு."

அவள் கையுறையைக் கழற்றி, அவர் விட்ட சொட்டைத் தேய்த்தாள். தன் வண்டி நிற்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வழவழன்னு இருக்கு மாமா. கூலன்ட்தான்."

நீயும் அவனுங்களோடு சேர்ந்துவிட்டாயா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. இடது கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தார், அதுவும் வழுக்கவில்லை. கொட்டகைத் தகரத்தின் கூர் விளிம்பில் விரல்களை அழுத்தி இழுத்தார். விரல் அங்கே இருப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது. பதினெட்டு வருடமாக உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவர், இந்த இரண்டு விரல்களை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அவருக்குப் பயம் வந்தது. எத்தனை வாரமாக இப்படி என்று யோசிக்கவும் பயமாக இருந்தது.

பந்தயம் தொடங்க இருபது நிமிடம். பந்தய அதிகாரியிடம் போய், தான் பார்த்தது எதுவும் செல்லாது, எல்லா வண்டியையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். அக்கா மகள் இரண்டாம் இடத்தில் இருப்பது அதிகாரிக்கும் தெரியும்.

"இப்ப வந்து நிறுத்தச் சொல்றீங்களே, யாருக்காக?"

இந்த மாதிரிக் கேள்வியை ஆயிரம் பேரிடம் கேட்டவர் சொட்டுக்காரர். தன்னிடம் ஒருவர் கேட்பது இதுவே முதல் தடவை, அது சுருக்கென்று தைத்தது. சர்க்கரை, விரல், மரத்துப்போனது என்று என்னென்னவோ சொன்னார். அதிகாரி நம்பவில்லை. கடைசியில் அதிகாரியின் சட்டையில் பேட்ஜைப் பிடித்திருந்த ஊக்கைக் கழற்றி, அவர் கண்ணைப் பார்த்தபடியே தன் ஆள்காட்டி விரலில் ஆழமாக இறக்கினார். முகம் சுளிக்கவில்லை. ரத்தம் வந்ததையும் அதிகாரி சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார்.

பந்தயம் தள்ளிவைக்கப்பட்டது. சங்கம் வாங்கிக் கொடுத்த ஒரு கருவி கொட்டகையில் இரண்டு வருடமாக அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்தது. ஒரு சொட்டு வைத்துக் கண்ணருகே பிடித்தால் கூலன்ட் கலப்பு எவ்வளவு என்று கோடு காட்டிவிடும். விற்றவன் ஏமாற்றுக்காரன் என்று அவர் தொட்டதே இல்லை. அதிகாரியே பெட்டியைப் பிரித்து வண்டி வண்டியாகப் பார்த்துக்கொண்டு போனார். இரண்டு வண்டிகளில் கோடு ஏறியது. ஒன்று முதல் வரிசை வண்டி. இன்னொன்று அக்கா மகளுடையது.

அவள் வாதாடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வேலிப் பக்கம் போய் ஸ்டாண்டு போட்டாள். சொட்டுக்காரர் பின்னாலேயே போனார். கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. பின்னால் வருகிறவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே, அவனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றவா பார்த்தாய் என்று கத்தினார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வேலை முடிய நேரமாகிவிட்டது, ஒரு தடவைதான் அலசினேன் என்றாள். காலையில் அவர் இரண்டு தடவை தேய்த்துவிட்டுச் சரி என்றபோது, கூலன்ட் நிஜமாகவே போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம். கொட்டகைக்குப் பின்னால் வந்து அந்தச் சொட்டைத் தொட்டபோதுதான் விஷயம் புரிந்ததாம்.

அவருடைய குரல் இறங்கியது.

"அப்ப அங்கேயே தண்ணிதான்னு சொல்லியிருக்கலாமே. நீ சொன்னா நான் நம்பியிருப்பேன்."

"நம்பியிருப்பீங்க மாமா. அதான் சொல்ல முடியல."

வேலிக்கு அந்தப் பக்கம் இருபத்தொன்பது வண்டிகள் ஒரே நேரத்தில் உறுமின. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்த அவருடைய விரலைச் சுற்றி இறுக்கிப் பிடித்தாள். இறுக்கித்தான் பிடித்திருக்கிறாள் என்று அவர் பார்த்துத் தெரிந்துகொண்டார்.