மீசை கேட்ட நாற்காலி

கிறீச்... கிறீச். நான் வேலைக்குச் சேர்ந்த காலையில் முதலில் கேட்ட சத்தம் அது. தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் ஐயா சாயும்போதெல்லாம் அவருடைய சுழல் நாற்காலி அப்படித்தான் முனகும். தோட்டத்து ஆபீஸில் மற்ற நாற்காலிகளுக்குக் கால் இருந்தால் போதும். பெரிய கிளாக்கரின் நாற்காலிக்கு மீசையும் வேண்டும். இலங்கையில் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், அந்த நாற்காலியைப் பார்த்தபடியே நரைத்த இரண்டாவது கிளாக்கர் நான். மேசை ஓரத்தில் ஆயுள் கழித்த தோழிகளே, அந்த ஏக்கத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வாழைப்பழம்

ஐயா வெளியே போன ஒரு மழைநாளில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று கொழுந்தெடுக்கும் முனியம்மா வந்தாள். தகரமும் ஆளும் உடனே அனுப்பினேன். பொழுது சாய்வதற்குள் ஒழுக்கு நின்றது. மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, அதை ஐயாவின் மேசையில் வைத்தாள்.

என் முகம் கறுத்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஜன்னலோரம் வந்து குரலைத் தாழ்த்தினாள்: “கோவிச்சுக்காதீங்க கிளாக்கரம்மா. நீங்க செஞ்சதுன்னு சொன்னா எங்க வீட்டுக்காரரு இன்னைக்கே கூரையில ஏறி ஆட்டிப் பாப்பாரு.”

அசைக்க முடியாதவள்

ஐயா ஓய்வு பெற்றார். புதிதாக யாரும் வரும்வரை ஆபீஸை நான்தான் ஓட்டினேன். நாற்காலி எனக்குத்தான் என்று புதுச் சேலைகூட எடுத்து வைத்தேன். ஆனால் அதில் உட்கார ஓப்பநாயக்க என்ற ஊரிலிருந்து ஓர் இளைஞர் வந்து இறங்கினார், நல்ல அடர்ந்த மீசையோடு. எந்த வேலை எப்படி என்று நாள் முழுக்க என்னிடமே கேட்டார்.

தோட்ட மனேஜரான பெரிய துரையிடம் போய் நின்றேன். துரை நல்ல மனிதர். மனம் நோகப் பேசமாட்டார். “நீங்க இல்லாட்டி இந்த ஆபீஸ் ஓடாது மிஸ். அதனாலதான் உங்கள அந்த இடத்தவிட்டு அசைக்கவே பயமா இருக்கு.”

மாலை

பல துரைமார் போனபின், முதல்முறையாகப் பெண் ஒருத்தி மனேஜராக வந்தாள். புதுத் துரை வந்தால் தப்பு மேளம் அடித்து மாலை போடுவது வழக்கம். ஜீப்பிலிருந்து முதலில் இறங்கியவர் அவளுடைய கணவர், கையில் ரைஸ் குக்கர். தொழிற்சங்கத் தலைவர் ஓடிப்போய் அவர் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார். தப்பு நின்றுபோனது. கழற்றுவதா வேண்டாமா என்று அந்த மனிதர் குக்கரைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் நிதானமாக இறங்கி, சேற்றில் பூட்ஸை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். என் வயதில் பாதிகூட இராது. “மாலை அவருக்கே இருக்கட்டும் தலைவர். ஸ்டோர் சாவிய இங்க தாங்க.”

எனக்கு வயிறு எரிந்தது. என் நாக்கில் பிறந்திருக்க வேண்டிய வாக்கியம் அது.

எண்ணெய்

நாற்காலி மறுபடி காலியானபோது அந்த மனேஜர் என்னைக் கூப்பிட்டாள். பழைய பெட்டியிலிருந்த அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். “அக்கா, நீங்க ரிட்டயர் ஆக கொஞ்ச நாள்தானே இருக்கு. உங்களப் போட்டா, நீங்க போனதும் மேலிடத்துல திரும்ப ஆம்பள ஒருத்தர அனுப்புவாங்க. நிஷாந்தியப் போட்டா ரொம்ப காலத்துக்கு யாராலயும் எழுப்ப முடியாது.” நிஷாந்தி எனக்கு அடுத்த மேசைக்காரி, வந்து இரண்டு மழைக்காலம் ஆகவில்லை. சொன்ன காரணம் சரியானது. அதுதான் இன்னும் அதிகமாக எரித்தது.

நிஷாந்தி உட்கார்ந்தாள், நாற்காலி முனகியது. உடனே எழுந்து, தையல் மெஷின் எண்ணெயைத் தேடி எடுத்து இரண்டு சொட்டு விட்டாள். சாய்ந்து பார்த்தாள். சத்தமே இல்லை. என் பக்கம் திரும்பி, கள்ளமில்லாமல்தான் கேட்டாள்: “இவ்வளவு காலமும் இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டா அக்கா இருந்தீங்க?”

நிஷாந்தி இப்போது கொழும்புத் தலைமை அலுவலகத்தில் ஜெனரல் மனேஜர். இரண்டாவது கிளாக்கராகவே ஓய்வு பெற்ற நான், பத்திரிகையில் அவள் படம் வரும்போதெல்லாம் பேனாவால் ஒரு மீசை வரைந்துவிட்டுத்தான் மடித்து வைக்கிறேன்.